தேயிலை மலைகளும் வெற்றிக் கிண்ணமும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அதன் சட்டங்களிலும் வணிகக் கணக்குகளிலும் தேடுதல் அறிஞர் வழக்கம். விளையாட்டுத் திடல்களிலே அதனைத் தேடுவோர் சிலரே. ஆயினும், யார் யாரோடு ஆடினர், ஆட்டத்துக்கு வேண்டிய ஓய்வும் நிலமும் எவர்க்கு வாய்த்தன, எவர் கோட்டுக்கு வெளியே நின்றனர் என்னும் வினாக்கள் சமுதாயத்தின் கட்டமைப்பை நேரே காட்ட வல்லன. இலங்கையின் மத்திய மலைநாட்டிலே தேயிலைத் தோட்டங்களின் நடுவே வளர்ந்த றக்பிப் போட்டிகளின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். ஒரு காலத்தில் தீவின் முன்வரிசையில் நின்ற திம்புள்ளை, டிக்கோயாக் கழகங்கள் பின்னர் ஏன் மங்கின? அம்மலைகளின் வாயிலாகிய கண்டியிற் பாடசாலைகள் வளர்த்த அதே ஆட்டம் ஏன் நிலைத்தது? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்பது பின்வருவனவற்றாற் புலப்படும்.

போட்டித் தொடர் என்னும் அமைப்பின் இயல்பை முதற்கண் நோக்குதல் வேண்டும். குளிர்நாட்டுக் கல்லூரிகளிடையே நிகழும் பனித்தள ஹொக்கி இதனை நன்கு விளக்கும். 1875ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆந் திகதி கனடாவின் மொன்றியல் நகரிலே, விக்ரோறியாச் சறுக்குத் தளத்தில், கூரையின் கீழ் அவ்வாட்டம் முறையாக ஆடப்பட்டது. 1877இல் மக்கில் பல்கலைக்கழக மாணவர் அதற்கெனக் கழகம் அமைத்தனர். அவர்களிற் பலர் றக்பி ஆடிப் பழகியவர். ஆதலால், தன் அணியினனுக்கு முன்னோக்கிப் பந்தைக் கொடுத்தல் ஆகாது என்னும் றக்பி விதி தொடக்ககாலப் பனித்தள ஹொக்கியிலும் இடம்பெற்றது. இரண்டும் ஒரு குடும்பத்து ஆட்டங்கள் எனலாம்.

காலப்போக்கில் ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிகள் வட்டாரந்தோறும் சங்கங்களாக இணைந்தன. ஒரு வட்டாரத்துக் கல்லூரிகள் பருவம் முழுவதும் ஒன்றோடொன்று ஆடும். பருவத்தின் இறுதியில் முன்னிலை பெற்றவை விலகல் முறையில் மோதும். தோற்ற அணி விலக, எஞ்சிய அணி வட்டாரக் கிண்ணத்தைப் பெறும். அந்நாட்டுக் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டி 1948இற் கொலறாடோ ஸ்பிறிங்ஸ் நகரிலே நான்கு அணிகளோடு தொடங்கிற்று. கிழக்குப் பிரதேசக் கல்லூரிச் சங்கத்தின் விலகற் சுற்று 1962இல் தோன்றியது. இத்தகைய தொடருக்கு மூன்று இன்றியமையாதன. அணுகக் கூடிய தூரத்தில் ஒத்த வலிமையுள்ள எதிரணிகள் இருத்தல் வேண்டும். அவற்றைப் பிணைக்கும் பொதுச் சங்கம் வேண்டும். ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரரை ஈன்றுதரும் ஊற்றும் வேண்டும். கல்லூரிக்கு மூன்றாவது இயல்பாகவே அமைந்துள்ளது. மூத்தோர் பட்டம் பெற்று வெளியேற, இளையோர் வந்து நிரப்புவர்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. தை, மாசி மாதங்களின் விடியற்காலையில் அங்கு உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதுண்டு. எனினும், 1873இல் தேசாதிபதி வில்லியம் கிறெகறியின் காலத்திலே அமைக்கப்பட்ட ஏரி சறுக்கி ஆடும் அளவுக்கு உறைவதில்லை. எனவே, கனடாவிற் பனித்தள ஹொக்கிக்குத் தன் விதியைக் கொடுத்த றக்பி, இலங்கை மலைகளிற் புற்றரையிலேயே தங்கிற்று. 1879இற் கொழும்பில் உதைபந்தாட்டக் கழகம் ஒன்று றக்பிக்கெனத் தோன்றியது. அவ்வாட்டம் தோட்டத் துரைமாரோடு மலையேறியது.

அது மலையேறிய காலம் பெருமாற்றத்தின் காலமாகும். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இற் கோப்பி இலையைப் பற்றிய பூஞ்சண நோய் அடுத்த இருபதாண்டுகளுக்குள் அப்பயிரை வீழ்த்திற்று. கோப்பி இருந்த சரிவுகளைத் தேயிலை மூடியது. புகைவண்டிப் பாதை 1867இற் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென அமைத்த அப்பாதை, விளையாட்டு வரலாற்றிலும் முதன்மை பெறுகின்றது. குதிரை மீதும் கால்நடையாகவும் பல நாள் கடக்க வேண்டியிருந்த தூரம் ஒரு நாட் பயணமாயிற்று. போட்டித் தொடரின் முதல் தேவை இவ்வாறு நிறைவேறியது.

இரண்டாவது தேவையைக் கழகங்கள் நிறைவேற்றின. திம்புள்ளைப் பகுதித் துரைமாருக்கு ரதல்லத் திடலும், டிக்கோயா மஸ்கெலியாப் பகுதியினருக்குத் தரவளைத் திடலும் கூடுமிடங்களாயின. ஊவாவினர்க்குப் பதுளையும் கண்டியினர்க்கு 1874இல் தோன்றிய கழகமும் இருந்தன. இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்திலும் விடுதிப் பாடசாலைகளிற் படித்து, இருபது வயதளவிற் கப்பலேறி வந்த சின்னத்துரைமாரே ஆட்டக்காரர். பெரியதுரையின் பங்களாவிலிருந்து பல கட்டை தொலைவில், தன் மொழி பேசுவோர் எவருமின்றி ஆறு நாளைக் கழித்த ஓர் இளைஞனுக்குக் கழகம் ஊரும் உறவுமாகியது. ஆட்டத்திற் காட்டிய துணிவு உத்தியோகத்திலும் நற்பெயர் தேடித் தந்தது. 1908இல் இலங்கை றக்பி ஒன்றியம் நிறுவப்பட்டபின், இக்கழகங்கள் நாடளாவிய அமைப்பினுள் வந்தன.

இவ்வமைப்பின் முடியாக விளங்கியது கிளிஃபோர்ட் கிண்ணம். ஹியூ கிளிஃபோர்ட் 1907 முதல் 1912 வரை இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்து, 1925 முதல் 1927 வரை தேசாதிபதியாகப் பணியாற்றியவர். மலாய் நாட்டைப் பற்றிக் கதைகள் எழுதியவர். அவர்தம் துணைவியாரும் நாவலாசிரியர். அவர்கள் குடும்பப் பெயரைத் தாங்கிய கிண்ணம் நாளடைவிற் கழகங்களிடையே விலகல் முறையில் நிகழும் போட்டியின் பரிசாயிற்று. மலைநாட்டின் திம்புள்ளை, டிக்கோயா, ஊவா, கண்டி என்பனவும், தாழ்நாட்டிற் களனிப் பள்ளத்தாக்கும் கொழும்புக் கழகங்களும் அக்கிண்ணத்துக்காகப் பொருதின. தலைநகர் வணிகக் கம்பனிகளின் இளைஞர் ஒருபுறம், தோட்டத் துரைமார் மறுபுறம் என அப்போட்டி மலைக்கும் கடற்கரைக்குமான போட்டியாகவும் அமைந்தது.

ஆனால், அத்திடல்களின் கோடு பந்துக்கு மட்டும் உரியதன்று. கொழும்பின் பழைய ஹொக்கி, உதைபந்தாட்டக் கழகம் ஐரோப்பியர்க்கே உரியதாயிருந்தது. அதனால் இலங்கையர் 1922இல் தமக்கெனத் தனிக் கழகம் அமைத்தனர். தலைநகரிற் படித்த வகுப்பினர்க்கு அவ்வாறு அமைக்கும் வலிமை இருந்தது. மலையிலோ துரைமாருக்கு எதிர்ப்புறம் நின்றோர், தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் வழியாக வந்த தொழிலாளர். சரிவுகளே நிறைந்த நாட்டிற் சமதரை தானாக அமைவதில்லை. காடு வெட்டியதும் பாதை சமைத்ததும் தண்டவாளத்துக்கு மலையைக் குடைந்ததும் பெரும்பாலும் அவர்தம் கைகளே. அவர்கள் விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்றனர். மலையிற் கொழுந்தெடுத்து நிறுத்தபின் மாலையில் லயத்துக்குத் திரும்பினர். செக்றோலில் ஒரு பேர் விழாவிடின் அன்றைய கூலி இல்லை. கழக வாயிலினுள் அவர் புகுந்தது பணியாளராகவே.

அவர்களிடம் ஆட்டம் இல்லாமலில்லை. சடுகுடுவும் கிளித்தட்டும் லய முற்றத்தில் ஆடப்பட்டன. மாசி மாதத்துக் காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கர் கதையும் தோட்டம் முழுவதையும் இரவிரவாகக் கூட்டிவைத்தன. அவற்றுக்குக் கலைத்திறனும் கட்டுப்பாடும் பல நாட் பயிற்சியும் தேவைப்பட்டன. எனினும், ஒரு தோட்டத்து இளைஞர் மற்றொரு தோட்டத்தாரோடு முறையாக மோதுதற்கு வேண்டிய திடலும் ஓய்வுநாளும் பயணச் செலவும் பொதுச் சங்கமும் அவர்க்கு வாய்க்கவில்லை. குறைந்தது திறமையன்று, திறமையைத் திரட்டும் நிறுவனமே குறைந்தது.

அந்நிறுவனம் கண்டியிற் பாடசாலை வடிவில் எழுந்தது. 1891இற் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய லூயிஸ் எட்மண்ட் பிளேஸ், தம் மாணவர்க்கு றக்பியை அறிமுகஞ் செய்தார். 1906இற் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் போகம்பரைத் திடலிலே முதற் பாடசாலைப் போட்டியை ஆடின. 1920இல் திரித்துவக் கல்லூரி கொழும்பு றோயல் கல்லூரியோடு பொருதத் தொடங்கியது. 1945இல் றோயற் கல்லூரி அதிபர் பிராட்பி அப்போட்டிக்குக் கேடயம் வழங்கினார். ஆண்டுக்கு ஈராட்டம், ஒன்று கண்டியில், மற்றது கொழும்பில். இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றி தீர்மானிக்கப்படும். துரைமாரின் ஆட்டம் இவ்வாறு நாட்டு மைந்தரின் ஆட்டமாயிற்று. முன்னர்க் கூறிய மூன்றாந் தேவை, அதாவது புதியோரை ஈன்றுதரும் ஊற்று, இங்கே முழுமையாக வாய்த்தது.

கண்டியிலிருந்து அட்டன் ஒரு காலைப் பயணந்தான். ஆயினும் தோட்டத்துப் பிள்ளைக்கு அத்தூரம் மிகப் பெரிது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி வசதியளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. விளைந்தது பெரும்பாலும் ஓராசிரியர் பாடசாலையே: ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்பு. பத்து வயதுக்கு மேற் பிள்ளை மலைக்கு வேலைக்குப் போயிற்று. கல்லூரி அணிகள் உருவாகும் வயது பதினைந்து முதல் பத்தொன்பது வரை. அவ்வயதில் தோட்டத்து இளைஞன் ஏற்கெனவே செக்றோலிற் பெயர் பதிந்தவன். அட்டனில் ஹைலண்ட்ஸ் கல்லூரியும் புனித ஜோன் பொஸ்கோ கல்லூரியும் நகரத்தாரையும், உத்தியோகத்தர் பிள்ளைகளையும், சில தொழிலாளர் மைந்தரையும் உயர்த்தின. ஆனால் ஆயிரக்கணக்கான லயங்களுக்கு அவை போதா. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப் பயனைப் பெறாது ஒதுங்கியே நின்றன.

சுதந்திரத்தின் பின் இரு திசையிலும் மாற்றம் நிகழ்ந்தது. ஐரோப்பியத் துரைமார் படிப்படியாக நீங்க, இலங்கையர் அப்பதவிகளையும் கழக உறுப்புரிமையையும் பெற்றனர். 1972ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தமும், கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய 1975ஆம் ஆண்டின் சட்டமும் பழைய துரைமார் சமுதாயத்தை முடிவுக்குக் கொணர்ந்தன. கழகத்துக்கு ஆளனுப்பிய ஊற்று கடல் கடந்த விடுதிப் பாடசாலைகளிலே இருந்தது; அது வற்றியபின் திம்புள்ளையும் டிக்கோயாவும் தீவின் முன்வரிசையிலே நிற்க இயலவில்லை. திடல்கள் எஞ்சின; கழகங்களும் எஞ்சின; அவற்றைச் சூழ வாழ்ந்த மக்களோ அவ்வணிகளை நிரப்புமாறு ஒருபோதும் அழைக்கப்படவில்லை.

அம்மக்களுக்கு அக்காலம் இன்னுங் கொடியதாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974இலேயே தீர்க்கப்பட்டது. எந்நாட்டுக் குடிமகன் என்பதே தெளியாத இளைஞன் எந்த அணியின் பெயரால் ஆடுவான்? ஒரு வகுப்பிற் படித்த இருவருள் ஒருவன் தலைமன்னாரிற் கப்பலேற, மற்றவன் லயத்திலே தங்கினான். அணி என்பது சேர்ந்திருத்தலின் பயன். பிரிக்கப்பட்ட சமுதாயத்தில் அது எளிதில் உருவாகாது.

கண்டிக் கழகத்தின் கதை இதற்கு மாறானது. 1990களிலிருந்து அது பல ஆண்டுகள் தீவின் றக்பி முடியைச் சூடியது. சூழவுள்ள கல்லூரிகள் ஆண்டுதோறும் அதற்கு ஆளளித்தமையே அவ்வலிமையின் அடிப்படை. துடுப்பாட்டத்திலிருந்தும் ஒரு சான்று கூறலாம். முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்கென இலங்கை வந்தவர். தந்தையார் கண்டியிலே பிஸ்கட் தொழில் நடத்தினார். மைந்தர் புனித அந்தோனியார் கல்லூரியிற் பந்து வீசப் பழகி, 2010இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு ஓய்வு பெற்றார். பாட்டன் தோட்டத்தில், தந்தை நகரத்தில், பேரன் கல்லூரி அணியில் என அப்பயணம் மூன்று தலைமுறையை வேண்டிற்று. தோட்டத்தை விட்டு நீங்கிய குடும்பத்துக்கே அவ்வழி திறந்தது என்பதும் கருதத்தக்கது.

1970களிலிருந்து தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வந்தன. ஓராசிரியர் கொட்டகைகள் பல உயர்தர வகுப்புள்ள கல்லூரிகளாயின. கொட்டகலைப் பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, மலையகத்துக்கு ஆசிரியரைப் பயிற்றி வருகின்றது. மூன்று தேவைகளில் ஊற்று இப்பொழுது பிறந்துவிட்டது. எஞ்சியவை திடலும், பாடசாலைகளை வட்டாரமாகப் பிணைக்கும் போட்டி அமைப்புமே. தேயிலைச் சரிவிலே ஒரு பாடசாலைக்குச் சமதரை பெறுதல் இன்றும் எளிதன்று. ஓர் அங்குலமும் பயிருக்குரியதாகவே கணிக்கப்படுகின்றது. துரைமாருக்காக மலை ஒருமுறை சமப்படுத்தப்பட்டது என்பதை ரதல்லவும் தரவளையும் நினைவூட்டிக்கொண்டே உள்ளன. பாடசாலைப் பிள்ளைகளுக்காகவும் அது சமப்படுத்தப்படுமாயின், நுவரெலியாவும் அட்டனும் தலவாக்கலையும் பொகவந்தலாவையும் தம் மைந்தரைக் கொண்டே தமக்குள் ஒரு கிண்ணத்துக்காகப் பொருதும். கடல் கடந்து வந்தோரை நம்பி நின்ற கிண்ணம் மலையை விட்டகன்றது. மண்ணிற் பிறந்தோர் வெல்லும் கிண்ணம் அங்கேயே தங்கும்.