கருப்பணி

கிட்டாத மதுவை எண்ணி ஏங்கும் பாடல்கள் பல மொழிகளிலும் உண்டு. கற்பிட்டியில் வாழும் வடபுல முஸ்லிம் முதியோரின் ஏக்கம் கருப்பணியைப் பற்றியது.

முட்டியினுள் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் பனஞ்சாறு புளித்துக் கள்ளாவதில்லை. அந்த இனிப்பு நீரை, இறக்கிய காலையிலேயே, பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடிக்க வேண்டும். பனங்கட்டி ஊர்விட்டு ஊர் போகும், கருப்பணி போகாது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவினர் பலர் வள்ளங்களில் வந்திறங்கியது இந்தக் கரையில்தான். (நமது வரலாற்று நூல்கள் இதை ஓரிரு வரியில் கடந்துவிடுவது ஏனோ!)

2009இல் போர் முடிந்தது, சிலர் திரும்பினர். இங்கே தென்னந்தோப்புகளிடையே பிறந்த பேரப்பிள்ளைகளுக்குப் பிளா என்றால் என்னவென்று உம்மம்மா ஓலை மடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.