சம்பளமும் சுகாதாரமும்: ஹைதராபாத் விமானச் சிப்பந்திகளின் வரலாறு

ஆகாய விமானம் என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்போர் விமானியும் பணிப்பெண்ணுமே. ஆனால், ஒரு விமானம் பூமியை விட்டு எழும்ப வேண்டுமானால் அதற்கு முன் பலர் உழைத்தாக வேண்டும். எஞ்சினைப் பரிசோதிக்கும் மெக்கானிக், மூட்டை ஏற்றுபவர், பெட்ரோல் நிரப்புபவர், சீட்டு எழுதும் குமாஸ்தா, இரவெல்லாம் விழித்திருக்கும் காவலாளி ஆகிய இவர்களது உழைப்பு பிரயாணிகளின் கண்ணுக்குத் தெரிவதில்லை. இவர்களுக்குக் கிடைக்கும் சம்பளம் எவ்வளவு? நோய் வந்தால் அந்தச் செலவு யாரைச் சேரும்? விமானத் தொழிலில் அடிக்கடி விவாதத்துக்கு வரும் இந்த இரு கேள்விகளையும் ஹைதராபாத் நகரத்தின் வரலாற்றை வைத்து ஆராய்வது பொருத்தமாகும். சமஸ்தானக் கம்பெனி, தேசியக் கார்ப்பொரேஷன், தனியார் நிறுவனம் என்னும் மூவகை எஜமானர்களையும் அந்நகரம் கண்டிருக்கிறது.

1945-ஆம் ஆண்டில் ஹைதராபாத்தில் டெக்கான் ஏர்வேஸ் என்னும் விமானக் கம்பெனி தோன்றியது. நிஜாம் அரசாங்கமும் டாட்டா நிறுவனமும் கூட்டாக நடத்திய கம்பெனி அது. அதில் 71 சதவீதப் பங்கு நிஜாம் தரப்பினுடையது. பேகம்பேட்டை விமான நிலையமே அதன் தலைமையிடம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் மிகுந்துபோன டக்கோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றைக் கொண்டே அக்காலத்து இந்தியக் கம்பெனிகள் பலவும் தொழிலை நடத்தின. இந்தியாவில் வர்த்தக விமானியாகப் பணிபுரிந்த முதற் பெண்மணியான பிரேம் மாத்தூர் அம்மையார் இந்தக் கம்பெனியில்தான் பணியேற்றார்.

ஹைதராபாத்துக்கும் தமிழர்க்கும் உள்ள தொடர்பு இதற்கு முற்பட்டது. மதராஸ் படையோடு செகந்தராபாத் பாசறைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் பல. ரயில்வேயிலும் தபால் இலாகாவிலும் உத்தியோகம் தேடி வந்தவர்கள் வேறு பலர். ஆங்கிலக் கல்வியும் யந்திரப் பயிற்சியும் பெற்றவர்க்கு விமானத் தொழில் ஒரு புதிய வாயிலாக அமைந்தது. ஆயினும், ஊரை விட்டு வந்தவனுக்கு நோய் என்பது இரட்டைச் சுமை. சொந்த ஊரில் உடல்நலம் குன்றினால் அத்தை, மாமன், அண்டை வீட்டார் எனத் தாங்குவோர் உண்டு. அந்நிய நகரத்திலோ, சம்பளம் நின்ற நாளும் வைத்தியச் செலவு பிறந்த நாளும் ஒன்றாகவே இருக்கும்.

இந்தச் சுமையைத் தனிமனிதன் தலைமேல் விட்டுவிடாமல் பலரும் பகிர்ந்து தாங்க வேண்டும் என்ற கொள்கை ஜெர்மனியில் 1883-ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று. பிஸ்மார்க் கொண்டுவந்த அந்த நோய்க்கால இன்ஷூரன்ஸில் தொழிலாளி மூன்றில் இரண்டு பங்கும் முதலாளி ஒரு பங்கும் செலுத்தினர். இந்தியாவில் பேராசிரியர் பி. பி. அடார்க்கர் 1944-இல் தொழிலாளர் சுகாதார இன்ஷூரன்ஸ் பற்றி ஓர் அறிக்கை தந்தார். அதன் விளைவாக, சுதந்திரம் பெற்ற மறு ஆண்டிலேயே, 1948-இல், தொழிலாளர் அரசாங்க இன்ஷூரன்ஸ் சட்டம் பிறந்தது. நாம் ஈ.எஸ்.ஐ. என்று வழங்குவது இதனையே. 1952 பிப்ரவரி 24-ஆம் நாள் பிரதமர் நேரு கான்பூரில் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தொடக்கத்தில் தொழிலாளிக்கு மட்டுமே இருந்த வைத்திய வசதி 1958 முதல் அவரது குடும்பத்துக்கும் விரிந்தது.

இந்தச் சட்டத்தில் தொடக்கத்திலிருந்தே ஒரு வேலி உண்டு. அன்று மாதம் 400 ரூபாய்க்கு மேல் சம்பளம் பெற்றோர் இதில் சேர இயலவில்லை. இந்த வேலியின் கதையைப் பின்னர்க் காண்போம். அதற்கு முன் விமானத் தொழிலில் நேர்ந்த பெரிய மாறுதலை அறிய வேண்டும்.

யுத்தத்துக்குப் பின் இந்தியாவில் தேவைக்கு மிஞ்சிய விமானக் கம்பெனிகள் முளைத்தன. பிரயாணிகள் குறைவு, நஷ்டம் மிகுதி. 1950-இல் நீதிபதி ராஜாத்யக்ஷாவின் தலைமையில் ஒரு விசாரணைக் குழு இந்நிலையை ஆராய்ந்தது. முடிவில் 1953-ஆம் ஆண்டு விமானக் கார்ப்பொரேஷன் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் டெக்கான் ஏர்வேஸ் உள்ளிட்ட எட்டுக் கம்பெனிகள் இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பொரேஷனில் கலந்தன.

எஜமானன் மாறும்போது சிப்பந்தியின் கதி என்ன? அச்சட்டத்தின் 20-ஆவது பிரிவு இதற்கு விடை தருகிறது. 1952 ஜூலை முதல் நாளுக்கு முன்பே பணியில் சேர்ந்து தொடர்ந்து இருந்தவர்கள் அதே சம்பளத்திலும், அதே நிபந்தனைகளிலும், பென்ஷன், கிராஜுவிட்டி முதலியவற்றில் அதே உரிமைகளுடனும் கார்ப்பொரேஷனின் சிப்பந்திகள் ஆவர். ஆனால், கார்ப்பொரேஷன் அந்நிபந்தனைகளை முறைப்படி மாற்றும்வரையில்தான் இது செல்லும். குறிப்பிட்ட தேதிக்குப் பின் சேர்ந்தவருக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை. ஒரே பட்டறையில் அருகருகே நின்று வேலை செய்த இருவருள் ஒருவர் சட்டத்தின் நிழலில் நிற்க, மற்றவர் வெயிலில் நின்றார் என்று சொன்னால் அது மிகையாகாது.

கார்ப்பொரேஷன் காலத்தில் பேகம்பேட்டையின் மதிப்பு உயர்ந்தது. இந்தியன் ஏர்லைன்ஸின் மத்திய பயிற்சி நிலையம் ஹைதராபாத்தில் அமைந்தது. நிரந்தர உத்தியோகம், சம்பள விகிதம், வைத்திய வசதி, ஓய்வுக்காலப் பயன் ஆகியவை ஒரு கட்டாகச் சேர்ந்து வந்தன. சம்பளம், பணி நிபந்தனைகள் பற்றிய தகராறுகள் தேசியத் தீர்ப்பாயங்களின் முன் சென்றன. 1960-களில் கோஸ்லா தீர்ப்பாயமும் 1970-களில் மகேஷ் சந்திரா தீர்ப்பாயமும் இவற்றை விசாரித்தன. ஆயினும் குறைகள் இல்லாமற் போகவில்லை. விமானப் பணிப்பெண் முதன்முறை கருவுற்றவுடன் வேலையை இழக்க வேண்டும் என்று ஏர் இந்தியாவில் ஒரு விதி இருந்தது. உடல்நிலையையே குற்றமாக்கிய அவ்விதியை, நர்கேஷ் மீர்சா தொடுத்த வழக்கில், 1981-இல் சுப்ரீம் கோர்ட் செல்லாதென அறிவித்தது. சம்பள உயர்வுக்குச் சற்றும் குறையாத வெற்றி அது.

இனி அந்த வேலியின் கதைக்கு வருவோம். விலைவாசி ஏற ஏற ஈ.எஸ்.ஐ. திட்டத்தின் சம்பள வரம்பும் உயர்த்தப்பட்டு வந்தது. 400 ரூபாயில் தொடங்கிய வரம்பு 1997-இல் 6,500 ஆகவும், 2006-இல் 10,000 ஆகவும், 2010-இல் 15,000 ஆகவும், 2017 ஜனவரியில் 21,000 ஆகவும் ஆயிற்று. வரம்பு உயர்ந்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் பல ஆண்டுகள் காத்திருந்தே உயர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சிறு சம்பள உயர்வு பெற்றவர்கள், அந்த உயர்வினாலேயே வைத்தியப் பாதுகாப்பை இழந்து வெளியேறினர். ஹைதராபாத்தின் சனத்நகரில் இத்திட்டத்தின் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அப்பகுதியில் மெட்ரோ ரயில் நிலையம் ஒன்றுக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி என்றே பெயர் வழங்குகிறது. அந்த ஆஸ்பத்திரியின் வாயில் ஒரு சம்பள எண்ணுக்குத் திறக்கும். அடுத்த எண்ணுக்கு மூடிக்கொள்ளும்.

2008 மார்ச் 23-ஆம் நாள் ஷம்ஷாபாதில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. பேகம்பேட்டையில் வர்த்தக விமானப் போக்குவரத்து நின்றது. அதற்குச் சில நாட்கள் முன்னர், ஹைதராபாத், பெங்களூர்ப் பழைய நிலையங்களை மூடலாகாதெனக் கோரி விமான நிலைய ஆணையத்தின் ஊழியர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தனர். தங்கள் உத்தியோகத்தின் எதிர்காலம் பற்றிய அச்சமே அதன் உட்பொருள். புதிய ஏற்பாட்டில் வேலைகள் பல கைகளுக்குப் பிரிந்தன. நிலையத்தை நடத்துபவர் ஒருவர். விமானத்தை ஓட்டுபவர் வேறொருவர். மூட்டை ஏற்றுபவரையும் துப்புரவு செய்பவரையும் அமர்த்துபவர் மற்றொரு காண்டிராக்டர். எனவே, என் சம்பளத்துக்கும் சுகாதாரத்துக்கும் பொறுப்பாளி யார் என்று சிப்பந்தி கேட்டால், மூவரும் மற்ற இருவரைச் சுட்டிக் காட்டக்கூடிய நிலை ஏற்பட்டது.

2020-இல் வந்த பெருந்தொற்று இந்நிலையை அம்பலப்படுத்தியது. விமானங்கள் தரையில் நின்றன, சம்பளங்கள் வெட்டப்பட்டன, பலர் வேலை இழந்தனர். தொழில் மீண்டும் தழைத்த பிறகு, 2022 ஜூலையில், இண்டிகோ நிறுவனத்தின் பராமரிப்பு டெக்னீஷியன்கள் பலர் ஹைதராபாத்திலும் டில்லியிலும் ஒரே சமயத்தில் நோய் விடுப்பு எடுத்தனர். சம்பளம் போதவில்லை என்பதே அவர்கள் முறையீடு. பெருந்தொற்றுக் காலத்தில் நேர்ந்த முரண்பாடுகளைக் களைந்து சம்பளத்தைச் சீர்செய்வதாக நிர்வாகம் தெரிவித்தது. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணியாளர்களும் இவ்வாறே செய்தனர். 25 பேர் நீக்கப்பட்டனர். மத்திய தொழிலாளர் கமிஷனர் முன் சமரசம் ஏற்பட்டபின் மீண்டும் சேர்க்கப்பட்டனர்.

வேலைநிறுத்தம் என்று சொல்லாமல் நோய் என்று சொன்னது ஏன்? விமானப் போக்குவரத்து ஒரு பொதுஜன சேவை. அன்று நடைமுறையிலிருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டப்படி, முன்கூட்டியே நோட்டீஸ் கொடாமல் இத்தகைய சேவையில் வேலைநிறுத்தம் செய்தல் சட்டவிரோதம். நோய் விடுப்போ அவரவர் சொந்த உரிமை. ஆனால், இந்த உபாயத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. ஆரோக்கியமானவன் நோயாளி என்று சொன்னால், உண்மை நோயாளியின் சொல்லும் நாளடைவில் சந்தேகத்துக்கு உள்ளாகும். நோய்க்கால உரிமை சிப்பந்திகள் நெடுநாள் போராடிப் பெற்ற செல்வம். அதைச் சம்பளப் போருக்கு அம்பாக எய்துவிடுவது இலாபமா நஷ்டமா என்பதைச் சங்கங்கள் சிந்திக்க வேண்டும்.

சிப்பந்திகளுக்குள்ளேயே நடக்கும் விவாதம் சுவையானது. இளைஞர் கூறுவர்: எனக்கு நோய் இல்லை, பிடித்தம் எதுவும் இன்றிப் பணத்தைக் கையில் கொடுங்கள். குடும்பஸ்தர் கூறுவர்: ஓர் ஆபரேஷன் நேர்ந்தால் ஓராண்டுச் சம்பளம் போய்விடும், பாதுகாப்பே முதலில் வேண்டும். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. கணக்கைப் பார்ப்போம். 2019 ஜூலையில் குறைக்கப்பட்ட விகிதப்படி ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி செலுத்துவது சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி செலுத்துவது 3.25 சதவீதம். மாதம் 20,000 ரூபாய் பெறுபவருக்குப் பிடித்தம் 150 ரூபாய்; முதலாளியின் பங்கு 650 ரூபாய். இதற்கு ஈடாகத் தமக்கும் மனைவி மக்களுக்கும் தம்மைச் சார்ந்துள்ள பெற்றோர்க்கும் சிகிச்சை உண்டு. நோயால் வேலைக்குச் செல்லாத நாட்களுக்கு, ஆண்டில் 91 நாள் வரையில், சம்பளத்தில் 70 சதவீதம் ரொக்கமாகவும் கிடைக்கும்.

இவருக்குச் சம்பளம் 21,500 ஆக உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 18,000 ரூபாய் கூடுதல். மிஞ்சும் பிடித்தம் 1,800 ரூபாய். ஆக வரவு 19,800. ஆனால், முதலாளி செலுத்திவந்த பங்கும் நின்றுவிடுகிறது. 70 சதவீத ரொக்க உதவியும் நின்றுவிடுகிறது. வயது முதிர்ந்த பெற்றோரையும் சேர்த்து வெளியில் இன்ஷூரன்ஸ் எடுத்தால் அந்த 19,800-இல் எஞ்சுவது எவ்வளவு? சம்பளம் உயர்ந்த மாதத்தில் குடும்பத்தின் நிலை தாழ்ந்துவிடவும் கூடும் என்பது இப்போது விளங்கும். கம்பெனி தரும் குழு இன்ஷூரன்ஸ் இக்குறையை ஓரளவு தீர்க்கும். ஆயினும் அது வேலையோடு வந்து வேலையோடு போவது. சம்பளப் பேச்சில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு உயர்வு என்பது மட்டும் அன்று. உயர்ந்தபின் நோய்ச்செலவு யாருடையது என்பதுமாகும்.

2022 ஜனவரி 27-ஆம் நாள் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா வசமாயிற்று. 2007-இல் இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர் இந்தியாவோடு இணைந்திருந்ததால், டெக்கான் ஏர்வேஸின் பழைய பங்காளியிடமே அதன் வாரிசு திரும்பிச் சேர்ந்தது எனலாம். இம்முறையும் விலை என்ன, கடன் என்ன என்பவை உரக்கப் பேசப்பட்டன. ஓய்வு பெற்ற சிப்பந்திகளின் வைத்தியம் பற்றிய கேள்வியோ மெல்லிய குரலிலேயே எழுந்தது. அப்பொறுப்பை அரசாங்கம் தன்பால் வைத்துக்கொண்டது.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் மக்கள் இவ்வரலாற்றிலிருந்து சில செய்திகளை நினைவிற் கொள்வது நலம். ஈ.எஸ்.ஐ. திட்டம் இந்தியா முழுவதற்கும் உரியது. வேலை ஹைதராபாத்திலும் குடும்பம் திருநெல்வேலியிலும் இருந்தாலும், திட்டம் நடைமுறையிலுள்ள இடத்தில் குடும்பத்தார் சிகிச்சை பெறலாம். இதற்காகவே 2010 முதல் தொழிலாளிக்கு ஓர் அட்டையும் குடும்பத்துக்குத் தனி அட்டையும் தரும் ஏற்பாடு தோன்றியது. முதலாளி தம் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்தல் கூடாது. ஓவர்டைம் தொகையைச் சேர்த்து ஒருவரை வரம்பு தாண்டியவர் எனக் கணக்கிடுதல் முறையன்று. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்றும், அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்றுமாகச் சந்தாக் காலங்கள் இரண்டு. இவற்றின் நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினாலும் அக்காலம் முடியும்வரை பாதுகாப்புத் தொடரும்.

டக்கோட்டா பறந்த நாள் முதல் இன்று வரை, எஜமானர் பலமுறை மாறியுள்ளனர். ஒவ்வொரு மாற்றத்திலும் சம்பளம் முதற் பக்கத்தில் எழுதப்பட்டது. சுகாதாரம் கடைசிப் பக்கத்தில் சிறு எழுத்தில் எழுதப்பட்டது. சம்பளமும் சுகாதாரமும் இரு வேறு கணக்குகள் அல்ல. ஒரே கணக்கின் இரு பக்கங்கள். கையெழுத்திடும் முன் கடைசிப் பக்கத்தையும் படிக்கும் வழக்கம் சிப்பந்திகளிடையே வேரூன்றுமாயின், விமானத்தை எழுப்பி விடுவோரின் வாழ்வும் சற்று எழும்பும்.