பார்சலில் எழுதிய நூறு ரூபாய்

அஞ்சலகக் கவுண்டரில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில், வெளிநாட்டுப் பார்சல் அனுப்ப வந்தவர்கள் பேனாவை நிறுத்தி யோசித்த இடம் ஒன்றுதான். ‘பொருளின் மதிப்பு’ என்ற கட்டம்.

1984 என்று நினைவு. எங்கள் தெரு அம்மாள் ஒருவர், லண்டனில் இருந்த மருமகளின் சீமந்தத்துக்குப் பட்டுப்புடவை கொண்டுவந்தார். விலை 1,500 ரூபாய். “தம்பி, நூறுன்னு போட்டுடறேன். அங்கே பிள்ளை வரி கட்ட வேண்டாம் பாரு” என்றார். தப்பு என்று தெரிந்தும், தெரிந்தவராயிற்றே என்று பேசாமல் முத்திரை குத்தினேன். நூறு ரூபாய்க்கே இன்சூரும் செய்தார்.

இந்தக் கட்டத்துக்குப் பெரிய சரித்திரமே உண்டு. 1874ல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி அஞ்சல் ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியா 1876ல் சேர்ந்தது. 1878ல் பாரிஸில் கூடியபோது, மதிப்பு குறித்து அனுப்பும் கடிதங்களுக்குத் தனி உடன்பாடு வந்தது. பார்சல்களுக்கான உடன்பாடு 1880ல், அதுவும் பாரிஸில்தான். சிறு பொட்டலங்களில் ஒட்டும் பச்சைச் சீட்டில் ‘துவான்’ என்ற பிரெஞ்சுச் சொல் இருக்கும். சுங்கம் என்று பொருள். அந்நாளில் அதன் பெயர் சி 1, இப்போது சி.என். 22. பெரிய பார்சலுக்குப் பெரிய படிவம்.

இன்சூர் செய்த தொகையை எல்லா நாட்டுக்கும் பொதுவான கணக்கில் மாற்றி எழுதுவோம். முன்பு அது தங்க பிராங்க், பிறகு எஸ்.டி.ஆர். அந்தத் தொகையின் கீழே கலர் பென்சிலால் அழுத்திக் கோடு போட வேண்டும்.

சுங்கத்துக்கு எழுதும் மதிப்பு வேறு, இன்சூர் தொகை வேறு. ஆனால் இரண்டுக்கும் முடிச்சு உண்டு. பொருளின் உண்மை மதிப்புக்கு மேல் இன்சூர் செய்யக் கூடாது என்பது விதி. நூறு என்று எழுதிவிட்டு, ஆயிரத்து ஐந்நூறுக்கு இன்சூர் கேட்க முடியாது.

அந்தப் பார்சல் லண்டன் போய்ச் சேரவில்லை. எங்கே தொலைந்தது என்று கடைசி வரை தெரியவில்லை. பல மாதம் எழுதிப் போட்டபின் நஷ்டஈடு வந்தது. நூறு ரூபாய். என் கையால்தான் கொடுத்தேன். அம்மாள் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. “நான் எழுதினதுதானே தம்பி” என்று மட்டும் சொன்னார்.

எழுதியது அவர், பார்த்துக்கொண்டிருந்தது நான். அதன்பின் யார் தயங்கினாலும், “உள்ளதை எழுதுங்கள்” என்று சொல்லிவிட்டுத்தான் முத்திரையை எடுப்பேன். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டேன்.

பிள்ளைகளுக்கு அப்பளமும் பொடியும் புடவையும் அனுப்பும் நண்பர்களே, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தை நிரப்புங்கள்.