ஜமீன் சபையும் ராப் மேடையும்: பாட்டில் வரி ஏன் தேய்கிறது?

"இப்ப வர்ற பாட்டுல வரின்னு ஏதாவது இருக்கா?"

டீக்கடையிலும் காலேஜ் கேன்டீனிலும் தினமும் அடிபடும் கேள்வி இது. முன்பு சினிமாப் பாட்டுக்கு மட்டும் கேட்டார்கள். இப்போது ராப் பாட்டையும் சேர்த்துக் கேட்கிறார்கள். பீட் இருக்கிறது, வேகம் இருக்கிறது, பந்தா இருக்கிறது, சொல்வதற்கு விஷயம்தான் இல்லை என்பது புகார்.

இந்தப் புகார் தமிழனுக்கு மட்டும் சொந்தமில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய ஒரு பார்ட்டியைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்வார்கள். 1987-ல் எரிக் பி - ராக்கிம் ஜோடியின் 'பெய்ட் இன் ஃபுல்' ஆல்பத்தில், வரியின் கடைசியில் மட்டும் வந்துகொண்டிருந்த ஒலி ஒப்புமையை ராக்கிம் வரியின் நடுவுக்குள்ளும் கொண்டுபோனார். 1994-ல் நாஸ் 'இல்மாட்டிக்' தந்தார். அதே நாஸ் 2006-ல் தன் ஆல்பத்துக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஹிப் ஹாப் இஸ் டெட்'. ஹிப்-ஹாப் செத்துப்போச்சு! ஆனால் 2018-ல் கென்ட்ரிக் லமாரின் 'டேம்' ஆல்பம் இசைக்கான புலிட்சர் பரிசு வாங்கியது. செத்துப்போனது எப்படிப் பரிசு வாங்கும்?

ஆக, ஒரு பக்கம் தேய்கிறது, இன்னொரு பக்கம் வளர்கிறது. எங்கே தேய்கிறது, ஏன் தேய்கிறது என்பதுதான் கேள்வி. இதற்குத் தமிழில் ஒரு பழைய வரலாறு இருக்கிறது, ராப்புக்கு நூறு வருடம் முந்தைய வரலாறு. அதைப் பார்க்க அருப்புக்கோட்டைப் பக்கம் போக வேண்டும்.

பாலவனத்தம் ஜமீன்

அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகும் வழியில் இருக்கிறது பாலவனத்தம். கரிசல் பூமி. மழையை நம்பிய மானாவாரி விவசாயம். பஸ்ஸில் போகிறவர்கள் சாதாரணமாகத் தாண்டிப் போகும் ஊர். இந்த ஊர் ஜமீனுக்குச் சொந்தக்காரராக இருந்தவர்தான் பாண்டித்துரைத் தேவர் (1867-1911).

இவருடைய அப்பா பொன்னுசாமித் தேவர் ராமநாதபுரம் சமஸ்தானத்தின் நிர்வாகத்தைக் கவனித்தவர். பள்ளிக்கூடத்தில் காளமேகம், ஔவையார் பாட்டுகள் படித்திருப்போமே, அந்த மாதிரி உதிரிப் பாட்டுகளைச் சேர்த்துத் 'தனிப்பாடல் திரட்டு' என்று ஒரு தொகுப்பு வந்தது. பொன்னுசாமித் தேவர் கேட்டுக்கொண்டதால் அதைத் தொகுத்தவர் சந்திரசேகர கவிராஜ பண்டிதர். சிலேடை, வசை, சவால், பதிலடி எல்லாம் அதில் உண்டு. ராப் உலகத்தில் 'பேட்டில்' என்று சொல்கிறார்களே, அதே சமாச்சாரம்தான்.

அப்பா பழைய பாட்டைத் தொகுக்க வைத்தார் என்றால், மகன் சங்கமே வைத்தார். மதுரைக்கு வந்திருந்தபோது கம்பராமாயணமும் திருக்குறளும் வேண்டும் என்று கேட்டாராம், ஊரில் கிடைக்கவில்லையாம். அந்த வருத்தத்தில் பிறந்த யோசனை என்று சொல்வார்கள். 1901 செப்டம்பர் 14 அன்று மதுரைத் தமிழ்ச் சங்கம் தொடங்கியது. நூலகம், அச்சகம், கல்லூரி என்று வளர்ந்தது. 1902-ல் 'செந்தமிழ்' இதழ் வந்தது. பண்டிதத் தேர்வுகள் நடத்தினார்கள். 1910-ல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' சங்கத்தின் வழியாக வெளியானது. இதற்கு நடுவில், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். இத்தனையும் செய்த மனிதர் 44 வயதில் இறந்துவிட்டார்.

முதுகில் கல், வாயில் வெண்பா

அந்தக் காலத்துச் சபையில் கவிஞருக்கு எப்படிச் சோதனை வைப்பார்கள் என்பதற்கு அவதானக் கலையே போதும். ஒருவர் ஒரு ஈற்றடியைக் கொடுத்து "இதற்கு வெண்பா பாடு" என்பார். இன்னொருவர் முதுகில் சின்னக் கற்களை ஒவ்வொன்றாகப் போடுவார், எத்தனை விழுந்தது என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் மணி அடிப்பார்கள், அதையும் எண்ண வேண்டும். நடுவில் ஒரு பெருக்கல் கணக்கு வரும், சதுரங்க ஆட்டமும் ஓடும். எட்டு வேலை ஒரே நேரத்தில் செய்தால் அட்டாவதானி, நூறு என்றால் சதாவதானி. நாகர்கோவில் பக்கத்துச் செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் சதாவதானம் செய்து காட்டினார்.

இன்றைய பாஷையில் இதற்குப் பெயர் 'ஃப்ரீஸ்டைல்'. ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்ட மட்டும் வந்தவர்கள் கிடையாது. வெண்பாவில் தளை தட்டினால் அங்கேயே பிடித்துவிடுவார்கள். புது நூலை அரங்கேற்றும்போதும் இதே கதைதான், கேள்வி கேட்பார்கள், பதில் சொல்லியாக வேண்டும். தப்பாகப் பாடினால் பேர் போய்விடும் என்ற பயம்தான் வரியைச் செதுக்க வைத்தது.

எதுகையைத் 'திருத்திய' வெள்ளைக்காரர்

பாண்டித்துரைத் தேவரைப் பற்றி இன்னொரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஸ்காட் என்ற வெள்ளைக்காரர் திருக்குறளைப் படித்தாராம். சில குறள்களில் இரண்டு அடிக்கும் எதுகை சரியாக அமையவில்லை என்று தோன்றியதாம். உடனே சொற்களை மாற்றி, எதுகை பொருந்தும்படி 'திருத்தி' அச்சடித்துவிட்டார். இதைப் பார்த்த பாண்டித்துரைத் தேவர் மிச்சம் இருந்த பிரதிகளை எல்லாம் விலை கொடுத்து வாங்கி, தீ வைத்துக் கொளுத்திவிட்டாராம்.

புத்தகத்தை எரித்தது சரியா என்று விவாதிக்கலாம். ஆனால் கதையின் உள்ளே ஒரு பாடம் இருக்கிறது. ஓசை பொருந்தினால் பாட்டு நன்றாகிவிடும் என்று நினைத்தார் ஒருவர். அர்த்தத்துக்கு ஏற்ற சொல்லைத் தூக்கிவிட்டு ஓசைக்கு ஏற்ற சொல்லை வைத்தால் பாட்டு செத்துவிடும் என்று தெரிந்துவைத்திருந்தார் இன்னொருவர். இன்றைய ராப் பாட்டைப் பற்றிய சண்டையும் இதுவேதான்!

சபைக்கு வெளியே

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. ஜமீன் சபையில் எல்லாருக்கும் இடம் கிடையாது. அங்கே யார் உட்காரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்பதை ஜாதியும் பணமும் முடிவு செய்தன. "அந்தக் காலம் பொற்காலம்" என்று சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் வாசலுக்கு வெளியேயும் பாட்டு இருந்தது, அங்கேயும் போட்டி இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் லாவணி. மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி, விடிய விடியப் பாட்டாலேயே வாதம். மதுரை, விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் ஸ்பெஷல் நாடகம். இதில் நடிகர்கள் ஒரே கம்பெனி ஆட்கள் கிடையாது. ஆளாளுக்குத் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை இல்லாமல் ஒரே இரவில் மேடை ஏற வேண்டும். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்துக்காகவே கூட்டம் உட்கார்ந்திருக்கும். எதிராளி பாட்டில் கேள்வி போட்டால் பாட்டிலேயே பதில் வர வேண்டும். தடுமாறினால் மண் தரையில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் சும்மா விடாது. இந்த நாடகங்களுக்கு அஸ்திவாரம் போட்ட சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்ததும் 1867-ல்தான், பாண்டித்துரைத் தேவர் பிறந்த அதே வருடம்.

சபையில் பண்டிதர் தட்டிக் கேட்டார், திருவிழாவில் ஊர் தட்டிக் கேட்டது. இரண்டு இடத்திலும் எதிராளி இருந்தார், நீதிபதியும் இருந்தார். பிறகு சினிமா வந்தது. 1931-ல் வந்த 'காளிதாஸ்' படத்துக்குப் பாட்டு எழுதிய மதுரகவி பாஸ்கரதாஸ் நாடக மேடையிலிருந்து போனவர். மேடையின் திறமை திரைக்குப் போனது. ஆனால் எதிராளியும் கூட்டமும் ஸ்டுடியோவுக்குள் வர முடியவில்லை.

தமிழில் ராப்

தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்கள் 'ராப்' என்ற வார்த்தையை முதலில் கேட்டது 1994-ல் 'காதலன்' படத்தின் 'பேட்ட ராப்' பாட்டில். சினிமாவுக்கு வெளியே தமிழ் ராப் வளர்ந்தது மலேசியாவில். 'போயட்டிக் அம்மோ' குழுவில் இருந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடு சேர்ந்து 2006-ல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். நாஸ் 'செத்துப்போச்சு' என்று சொன்ன அதே வருடம் தமிழில் இது பிறந்தது வேடிக்கைதான். இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை எடுத்து ராப் ஆக்கியது இந்த ஆல்பம்தான். 2007-ல் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி குரல் வந்தது. 2011-ல் ஹிப்ஹாப் தமிழாவின் 'கிளப்புல மப்புல' இணையத்தில் பரவியது. 2015-ல் அவர்கள் 'ஆம்பள' படத்துக்கு இசையமைத்தார்கள். அதன் பிறகு சினிமாவில் ராப் சாதாரண விஷயமாகிவிட்டது.

எங்கே சறுக்கியது?

முதல் காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஆங்கில ராப்பில் வரியின் கடைசிச் சொல் ஒலியில் ஒத்துப்போக வேண்டும். தமிழில் இதற்குப் பெயர் இயைபு. ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட சொல்லைத் தேட வேண்டும், அதில்தான் திறமை. தமிழிலோ விகுதியே அந்த வேலையைச் செய்துவிடும். வந்தேன், நின்றேன், சொன்னேன்... முடிந்தது! ஒவ்வொரு வரியிலும் 'டா' போட்டாலும் முடிந்தது! உழைப்பே தேவையில்லை. அதனால்தானோ என்னவோ நம் செய்யுள் மரபில் இயைபைவிட எதுகைக்கு மதிப்பு அதிகம். இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும். கரிசல், பரிசல், வரிசை என்று தேடிப் பிடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் கஷ்டமாக இருந்ததைக் காப்பியடித்து, தமிழில் சுலபமானதைச் செய்துகொண்டிருக்கிறார்கள் பலர்.

இரண்டாவது காரணம் பொருளாதாரம். யார் பணம் கொடுக்கிறார்களோ அவர்கள் கேட்பதுதான் சரக்கு. சினிமாவில் ராப் என்பது ஹீரோ நடந்து வருவதற்கான பின்னணி. கதாநாயகனைப் புகழ வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலத்துப் புலவரும் ஜமீன்தாரைப் புகழ்ந்தார் என்றாலும், பக்கத்தில் தட்டிக் கேட்க இன்னொரு புலவர் இருந்தார். அடுத்தது ஸ்ட்ரீமிங். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. ரீல்ஸுக்கு அதுகூட வேண்டாம், பதினைந்து விநாடி கொக்கி போதும். மூன்றாவது நிமிடத்தில் வரும் நல்ல வரிக்கு இந்தக் கணக்கில் மதிப்பே இல்லை. மதிப்பில்லாத பொருளை யார் உற்பத்தி செய்வார்கள்?

தெருவிலிருந்து ஒரு குறள்

ஆனாலும் கதை முடியவில்லை. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியது. கானாவும் பறையும் ராப்பும் ஒன்றாக வந்தன. அதில் இருந்த அறிவு 2019-ல் 'தெருக்குறள்' என்று ஆல்பம் போட்டார். 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டியின் கதையும் ஒப்பாரியின் ஓசையும் அதில் உண்டு. கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். விஷயம் உள்ள வரி விலை போகாது என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

பாலவனத்தம் சபை வாசலில் நிறுத்தி வைத்திருக்கக்கூடிய மக்களின் கதை, நூற்றாண்டு கழித்துக் குறள் என்ற பெயரையே எடுத்துக்கொண்டு மேடை ஏறியது. இந்தப் பாட்டுகளைக் கேட்ட கூட்டமும் சும்மா ஆடிவிட்டுப் போகவில்லை. யாருடைய வரி, யாருக்குப் பெயர் கிடைத்தது என்று வரிக்கு வரி சண்டை போட்டது.

வரி தேய்வதற்குப் பீட் காரணமில்லை, இளவட்டத்தின் ரசனையும் காரணமில்லை. தட்டிக் கேட்கும் கூட்டம் காணாமல் போகும் இடத்தில் வரி தேய்கிறது. பாண்டித்துரைத் தேவருக்கு ஜமீன் இருந்தது, அதனால் சங்கம் வைக்க முடிந்தது. கேட்கிறவர்களுக்கு ஜமீன் வேண்டாம், மூன்று நிமிடம் போதும். கொக்கி வரியோடு நிறுத்தாமல் பாட்டை முழுசாகக் கேட்டு, "இந்த இடத்துல சொல் சரியில்லையே" என்று ஒரு வார்த்தை சொன்னால் அதுவும் சபைதான்.