சட்டத்தில் ஒரு பெயர், செய்த கை வேறு

1972ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி, மெக்சிக்கோ நகரின் ஓடுதளத்தில் பெல்ஜிய வீரர் எடி மேர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீற்றர் தூரத்தைத் துவிச்சக்கர வண்டியில் கடந்து உலக சாதனை படைத்தார். ஆறு கிலோவுக்கும் குறைந்த எடை கொண்ட அந்த வண்டியில் 'வின்ட்சர்' என்ற மெக்சிக்கோ நிறுவனத்தின் பெயரே காணப்பட்டது. ஆனால், அதை உருவாக்கியவர் மிலான் நகருக்கு அருகிலுள்ள கம்பியாகோ என்னும் ஊரில் பட்டறை நடத்திய ஏர்னெஸ்டோ கொல்னாகோ. கைப்பிடியிலும் சங்கிலியிலும் கூடத் துளைகளிட்டு அவர் எடையைக் குறைத்திருந்தார்.

இது ஒரு விதிவிலக்கு என எண்ண வேண்டாம். அக்காலப் பந்தய உலகில் இது எழுதப்படாத வழக்கம். வீரருக்குச் சம்பளம் வழங்குவது வண்டி நிறுவனம். ஆகவே அதன் பெயர் தாங்கிய வண்டியையே அவர் ஓட்ட வேண்டும். வீரருக்கோ தமது கால், கை, முதுகு ஆகியவற்றின் அளவுக்கேற்பச் செய்யப்பட்ட வண்டி தேவை. எனவே அவர் தமக்கு நம்பிக்கையான கைவினைஞரை நாடுவார். வேலை முடிந்ததும் சட்டத்துக்கு நிறுவனத்தின் வண்ணம் பூசப்படும். மிலானின் விகொரெல்லி ஓடுதளத்திலேயே பட்டறை வைத்திருந்த பலியேரோ மாஸி இவ்வாறு பலருக்குச் செய்து கொடுத்தவர்.

அந்தக் கையின் திறமை எதில் தங்கியிருந்தது? முதலில் குழாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முனைகளில் தடிப்பும் நடுவில் மெல்லிய சுவரும் கொண்ட உருக்குக் குழாய்க்கு, பேர்மிங்காமைச் சேர்ந்த ஆல்பிரட் றெனோல்ட்ஸ் 1897இல் காப்புரிமை பெற்றார். அவரது நிறுவனம் 1935இல் மங்கனீசும் மொலிப்டினமும் கலந்த '531' என்ற உருக்குக் குழாயை அறிமுகப்படுத்தியது. இத்தகைய குழாய்களின் நடுச்சுவர் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்பே உடையது.

இக்குழாய்களை 'லக்' எனப்படும் உலோகக் கூடுகளில் செருகி, பித்தளையையோ வெள்ளிக் கலவையையோ உருக்கி இணைப்பார்கள். சூடு குறைந்தால் உருகிய உலோகம் இடுக்கினுள் முழுமையாகப் பாயாது. சூடு மிகுந்தால் உருக்கே வலுவிழந்துவிடும். தீச்சுவாலையில் உருக்கு கொள்ளும் நிறத்தைக் கண்ணால் கண்டே கைவினைஞர் அதனைக் கணித்தார். பின்னர் லக்கின் விளிம்புகளை மணிக்கணக்காக அரத்தால் அராவி மெலிதாக்குவார். வண்ணம் பூசிய பின் இணைப்பின் உட்புறத்தை எவராலும் பார்க்க முடியாது. அதில் குறையிருந்தால், மலைச்சரிவில் வேகமாக இறங்கும் வீரரின் உயிரே அதற்கு விலையாகலாம். பெயர் தெரியாத கைவினைஞரை நம்பித்தான் அவர் இறங்கினார்.

இலண்டன் டொட்டன்ஹாமில் நிலைமை சற்று வேறுவிதமாக இருந்தது. ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய ஹைமன் ஹெட்சின் அங்கு கடை நடத்தினார். சட்டங்களைச் செய்தவர் ஜாக் டெனி. 1930களில் அறிமுகமான அவர்களது வண்டியின் பின்சட்டக் குழாய்கள் நேராக இராமல் வளைந்து நெளிந்திருந்தன. பெயரை மறைத்தாலும் தொலைவிலிருந்தே அடையாளம் காணக்கூடிய வடிவம் அது. எனினும் உலகெங்கும் பரவியது கடைக்காரரின் பெயரே. டெனியின் பெயரை ஆர்வலர்களே அறிவர்.

இவ்வழக்கம் மேர்க்ஸின் காலத்துடன் முடிந்துவிடவில்லை. 1991 முதல் 1995 வரை பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் தொடர்ந்து ஐந்து முறை வென்ற ஸ்பானிய வீரர் மிகெல் இந்துரைன் 'பினரெல்லோ' என்ற பெயர் தாங்கிய வண்டிகளை ஓட்டினார். அவற்றுள் சிலவற்றைச் செய்தவர் இத்தாலியரான டாரியோ பெகொரெட்டி. பிற்காலத்தில் பெகொரெட்டி தமது சொந்தப் பெயரிலேயே சட்டங்களைச் செய்தார். தூரிகையெடுத்து அவற்றுக்கு வண்ணமும் தீட்டினார். 2018இல் அவர் மறைந்தபோது, துவிச்சக்கர வண்டி உலகம் ஓர் ஓவியனை இழந்ததாகவே அவரை நினைவுகூர்ந்தது.

பத்திரிகைத் தொழிலில் ஊறியவர்களுக்கு இக்கதை அந்நியமானதன்று. பிறர் பெயரில் வெளிவரும் கட்டுரையை இரவிரவாகச் செப்பனிட்ட உதவி ஆசிரியர்கள் எத்தனை பேர்! அவர்களது வேலைக்கு அச்சில் தடயமில்லை. சட்டம் செய்தவர்களுக்கோ சிறிது தடயம் எஞ்சியிருக்கிறது. பழைய வண்டிகளைச் சேகரிப்போர் இன்று ஒட்டப்பட்ட பெயரை மட்டும் நம்பி விலை பேசுவதில்லை. லக்கின் விளிம்பை விரலால் தடவி, அராவிய விதத்தை ஆராய்ந்து, இது இன்னார் செய்தது என்று கூறும் வல்லுநர்கள் அவர்களிடையே இருக்கிறார்கள்.