கடவுச்சீட்டும் வாக்குச்சீட்டும்: பிரித்தானிய உள்ளூராட்சித் தேர்தலில் யாருக்கு வாக்கு?

"நான் இன்னும் பிரித்தானியக் குடியுரிமை எடுக்கவில்லை, எனக்கு இங்கே வாக்கு இல்லை" என்று சொல்லும் நம்மவர்களை லண்டனில் அடிக்கடி சந்திக்கிறேன். பத்துப் பதினைந்து வருடம் கவுன்சில் வரி கட்டியவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். சொல்வது பிழை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு, இங்கே தங்குவதற்கான அனுமதி கையில் இருந்தால், வாக்கு உண்டு. உள்ளூராட்சித் தேர்தலில் மட்டுமல்ல, பாராளுமன்றத் தேர்தலிலும் உண்டு.

சாம்ராச்சியத்தின் எந்த மூலையில் பிறந்தவரும் 'பிரித்தானியப் பிரஜை' என்று கொள்ளப்பட்ட காலத்தின் மிச்சம் இது. நாடுகள் சுதந்திரம் அடைந்த பின்பும் பொதுநலவாய நாட்டவருக்கு இந்த உரிமை தொடர்ந்தது. இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், மொரீசியஸ், தென்னாபிரிக்கா, கனடா எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். (1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. அதே ஆண்டுகளில் லண்டனில் குடியிருந்த இலங்கையருக்கு இங்கே வாக்கு இருந்தது. இதை நினைக்காமல் என்னால் இந்த விடயத்தை எழுத முடியவில்லை.)

அனுமதி என்பது நிரந்தர வதிவிடமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. மாணவர் விசா, வேலை விசா, அகதி அந்தஸ்து எதுவும் போதும். தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராமல், வேறு அனுமதியும் இல்லாமல் இருப்பவர் பதியக்கூடாது. பொய்த் தகவல் கொடுத்துப் பதிவது குற்றம்.

இனி ஒரு வேடிக்கை. பிரான்சிலும் ஜேர்மனியிலும் குடியுரிமை பெற்றுப் பின்னர் இங்கே குடிபெயர்ந்த தமிழர் பலர். ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர் என்ற வகையில் அவர்களுக்கு உள்ளூராட்சி வாக்கு இருந்தது. 2022ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தின்படி, 2024 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தில் அது சுருங்கிவிட்டது. 2020 முடிவதற்கு முன்பிருந்தே சட்டப்படி வசித்து வருபவர்களுக்கும், போலந்து, ஸ்பெயின், போர்த்துக்கல் போன்று தனி ஒப்பந்தம் செய்த நாடுகளின் குடிமக்களுக்கும் மட்டுமே உரிமை நீடிக்கிறது. நோர்வே, சுவிஸ் கடவுச்சீட்டுக்கு இங்கிலாந்தில் முன்பும் வாக்கில்லை. ஆக 2021இல் பாரிசிலிருந்து வந்த அண்ணனுக்கு வாக்கில்லை. போன வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த தம்பிக்கு உண்டு! ஸ்கொட்லாந்தும் வேல்சும் இந்தச் சிக்கலை வைத்துக்கொள்ளவில்லை. சட்டப்படி வசிக்கும் எந்த நாட்டவரும் அங்கே உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். பதினாறு வயது போதும். இங்கிலாந்தில் பதினெட்டு.

உரிமை இருந்தால் போதாது, இடாப்பில் பெயர் இருக்கவேண்டும். ஊரில் கிராம சேவகர் படிவம் கொண்டுவர, வீட்டுத் தலைவர் எல்லோருடைய பெயரையும் நிரப்பிக் கொடுப்பார். 2014 வரை இங்கேயும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த ஆண்டில் தனிநபர் பதிவு வந்தது. ஒவ்வொருவரும் தமது பெயர், பிறந்த தேதி, தேசிய காப்புறுதி இலக்கம் கொடுத்துத் தாமே பதியவேண்டும். இணையத்தில் ஐந்து நிமிட வேலை. தேர்தலுக்குப் பன்னிரண்டு வேலைநாட்களுக்கு முன் முடிக்கவேண்டும். விடுபட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் வயதான பெற்றோரும் அறை வாடகைக்கு இருக்கும் இளைஞருமே என்பது என் அனுபவம். "இந்த விலாசத்தில் பதியாதே" என்று சொல்லும் வீட்டுக்காரரையும் கேள்விப்பட்டிருக்கிறேன். தனி ஆளுக்குரிய வரிக் கழிவை அவர் வாங்கிக்கொண்டிருப்பார். அவருடைய கழிவுக்காக உங்கள் வாக்கை விடவேண்டியதில்லை.

இடாப்பு இரண்டு வகை. யாரும் விலைக்கு வாங்கக்கூடிய திறந்த இடாப்பில் பெயர் வராமல் தடுக்கலாம். அதனால் வாக்குக்குக் குறைவில்லை. முழு இடாப்பைக் கடன் தரம் பார்க்கும் நிறுவனங்களும் பார்க்கின்றன. வீட்டுக் கடன் எடுக்க நினைப்பவருக்கு இந்தக் காரணமே போதும்.

2023 மே முதல் இங்கிலாந்தின் உள்ளூராட்சித் தேர்தலில் படமுள்ள அடையாளம் காட்டவேண்டும். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுகளும் செல்லும். முதியோரின் பஸ் பாசும் செல்லும். முகம் அடையாளம் தெரிந்தால் காலாவதியானதும் செல்லும். ஒன்றுமில்லாதவர் இலவசச் சான்றிதழ் கேட்கலாம். நமக்கு வரும் தொல்லை வேறு. தகப்பன் பெயர் ஒன்றில் முன்னாலும் மற்றதில் பின்னாலும் நிற்கும். கலியாணத்துக்குப் பின் பெயர் இன்னொன்றாக இருக்கும். கடவுச்சீட்டில் உள்ளபடியே இடாப்பிலும் பதிந்துவிட்டால் வாசலில் விளக்கம் சொல்லவேண்டி வராது.

லண்டன் நகரசபைகளுக்கு நான்கு ஆண்டுகளுக்கொரு முறை தேர்தல். பல வட்டாரங்களில் மூன்று உறுப்பினர். ஒருவருக்கு மூன்று புள்ளடிகள் வரை உண்டு. ஒன்றைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள் நம் ஆட்கள். ஒன்று போட்டாலும் செல்லும், ஆனால் மற்ற இரண்டும் வீண்.

தபால் வாக்கு பற்றி ஒரு சொல். வீட்டில் ஒருவரே எல்லோருடைய சீட்டையும் நிரப்பி அனுப்புவது நம்மிடையே நடக்கிறது. அது உதவி அல்ல, குற்றம். மனைவியின் சீட்டில் மனைவிதான் புள்ளடி போடவேண்டும். சீட்டோடு அனுப்பும் கையெழுத்தையும் பிறந்த தேதியையும் விண்ணப்பத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் வாக்கு எண்ணப்படாது. தமிழில் கையெழுத்து வைக்கும் அம்மா இரண்டிலும் தமிழிலேயே வைக்கட்டும்.