கொல்கத்தாவின் கற்களும் தமிழ்த் திருச்சபையும்

யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துக் கில்காலில் நாட்டியது அழகு பார்ப்பதற்காக அன்று. பின்வரும் தலைமுறையின் பிள்ளைகள் அக்கற்களின் பொருள் யாதென வினவுவர். அப்பொழுது தகப்பன்மார் விடை பகர வேண்டும் என்பதே அதன் நோக்கம். பழைய நினைவுச் சின்னங்களைக் காணச் செல்லும் இறையியல் மாணவருக்கு இதனினும் நல்ல வழிகாட்டி இல்லை. கல்லைக் காண்பது எளிது. அதனைக் குறித்து எழும் வினாவுக்கு விடை கூறுவதே அரிது.

அண்மையில் கல்லூரி அலுவலாகச் செராம்பூர் சென்றிருந்த நாம், உடன் வந்த மாணவர் சிலரோடு மூன்று நாள் கொல்கத்தா நகரைச் சுற்றிப் பார்த்தோம். 2001 வரை கல்கத்தா என வழங்கிய அப்பெருநகரில் தமிழ்நாட்டுத் திருச்சபைக்குப் புறம்பான செய்திகளையே காண்போம் என எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் முதல் நாளிலேயே பொய்த்தது.

பல்லாவரத்துப் பாறை

ஆளுநர் மாளிகைக்கு அண்மையில் பரிசுத்த யோவான் ஆலயம் நிற்கிறது. 1787ஆம் ஆண்டு பிரதிஷ்டை செய்யப்பட்ட இவ்வாலயத்தை வங்க மக்கள் கல் கோயில் என்னும் பொருள்பட அழைப்பர். ஆலயத்துக்குரிய நிலத்தை அளித்தவர் சோபாபஜார் மகாராஜா நவகிருஷ்ண தேவ் என்னும் இந்துப் பெருமகன். கட்டுமானத்துக்கான கல்லோ, வங்காளத்தின் பழைய தலைநகராகிய கௌர் நகரின் இடிபாடுகளிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் முதன்மையான ஆலயம் ஓர் இந்துவின் நிலத்தில், அழிந்துபட்ட சுல்தான்களின் நகரத்துக் கற்களால் எழுந்தது என்பதை நம் மாணவர் குறித்துக்கொண்டனர்.

அதன் வளாகத்தில் எண்கோண வடிவான கல்லறை மண்டபம் ஒன்று உள்ளது. 1690ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் சுதாநுடியில் வந்திறங்கிய கம்பெனி அலுவலர் ஜோப் சார்னாக் இங்கே துயில்கிறார். அவரே நகரின் நிறுவனர் என நெடுங்காலம் பாடநூல்கள் கூறிவந்தன. சுதாநுடி, கோவிந்தபூர், கலிகத்தா என்னும் ஊர்கள் அவர் வருகைக்கு முன்னரே இருந்தன. ஆதலின் அவரை நிறுவனர் எனக் கொள்ளலாகாது எனக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2003இல் தீர்ப்புரைத்தது.

நம்மை அங்கு நிறுத்தியது வேறொன்று. சார்னாக்கின் கல்லறை மீதுள்ள கருங்கல் சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் பாறை வகையைச் சேர்ந்தது. நிலவியலறிஞர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அவ்வகைப் பாறைக்குச் ‘சார்னாக்கைட்’ எனப் பெயரிட்டார். நம் நாட்டுக் கல் அந்நியர் ஒருவரின் பெயரைத் தாங்கி வங்காளத்தில் கிடக்கிறது. வரலாற்றில் உழைப்பு ஒருவருடையதாகவும் பெயர் மற்றொருவருடையதாகவும் அமைவதற்கு இதுவே சான்று போலும்.

கடலூரிலிருந்து சென்றவர்

சற்றுத் தொலைவிலுள்ள பழைய மிஷன் ஆலயத்தின் வரலாறும் தமிழகத்தில் தொடங்குவதே. சுவீடன் நாட்டவரான யோவான் சகரியா கிர்நாண்டர் ஹாலேயில் பயின்று, 1740இல் கடலூருக்கு வந்து ஊழியம் செய்தவர். 1758இல் பிரெஞ்சுப் படை கடலூரைக் கைப்பற்றியபோது அவர் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. தரங்கம்பாடி வழியாக அவ்வாண்டு செப்டம்பரில் கல்கத்தா சேர்ந்தார். வங்காளத்தின் முதல் புரொட்டஸ்டண்டு மிஷனெரி இவரே. 1770இல் ‘ஜெப வீடு’ எனப் பொருள்படும் எபிரெயப் பெயருடன் இவ்வாலயத்தைத் திறந்தார்.

முதிர்ந்த வயதில் கிர்நாண்டர் கடனில் மூழ்கினார். 1787இல் ஆலயமே ஏலத்துக்கு வரும் நிலை ஏற்பட, சார்லஸ் கிராண்டு என்னும் கம்பெனி அலுவலர் 10,000 ரூபாய் கொடுத்து அதனை மீட்டார். சபைச் சொத்தையும் தம் சொத்தையும் வேறு பிரிக்காத ஊழியருக்கு நேரிடக்கூடியது யாது என்பதை இக்காலப் போதகரும் இவ்வாலயத்தில் கற்கலாம். வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தர் 1843இல் ஞானஸ்நானம் பெற்றதும் இங்கேயே. பின்னர் அவர் சென்னையில் சில ஆண்டுகள் ஆசிரியராக வாழ்ந்தார்.

பிற சமயத்தாரின் வணக்கத் தலங்கள்

எஸ்பிளனேடு பகுதியிலுள்ள திப்பு சுல்தான் பள்ளிவாசலை, திப்புவின் இளைய மகனாராகிய குலாம் முகமது 1842இல் கட்டி முடித்தார். தந்தை வீழ்ந்தபின் அவர் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். 1806 ஜூலையில் வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததன் விளைவாக, அவர்கள் கல்கத்தாவுக்கு அகற்றப்பட்டனர். சிறைப்பட்டுச் சென்ற இடத்தில் தொழுகைக்கு ஓர் இல்லம் எழுப்பியவர்களின் வரலாறு, பாபிலோனின் ஆறுகளை அறிந்த நமக்கு அந்நியமானதன்று.

1884இல் எழுந்த மாகன் தாவீது யூத ஜெப ஆலயத்தையும் கண்டோம். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த யூதர் இன்று அந்நகரில் மிகச் சிலரே. அவர்தம் ஆலயத்தைத் துடைத்துப் பேணிக் காத்து வருவோர் இஸ்லாமியர்.

நகரின் வடபால் தட்சிணேசுவரத்தில், ராணி ராசமணி எடுப்பித்த காளி கோயில் 1855 மே 31ஆம் நாள் குடமுழுக்குக் கண்டது. அவ்வம்மையார் கைவர்த்தர் என்னும் குலத்தில் பிறந்தவர். ஆதலின் அவர் கட்டிய கோயிலில் பூசை செய்யவும் பிரசாதம் உண்ணவும் அந்தணர் தயங்கினர். கோயிலை ஓர் அந்தணருக்குத் தானமாக எழுதிவைத்தால் தடை நீங்கும் என வழி கூறியவர் இராமகிருஷ்ணரின் தமையனார் ராம்குமார். கட்டியவரின் பெயரை மறைத்தே கட்டடம் தூய்மை பெற்றது. இதனைக் கேட்ட மாணவர் ஒருவர் ஏளனமாய்ப் புன்னகைத்தார். மறுநாள் அப்புன்னகை மறைந்தது.

செராம்பூரில் ஒரு பந்தி

ஹூக்ளி ஆற்றின் மேல்கரையிலுள்ள செராம்பூர், தரங்கம்பாடியைப் போன்றே டென்மார்க்கு அரசுக்கு உரியதாயிருந்தது. இரண்டும் 1845இல் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. தன் ஆட்சிப் பகுதியில் மிஷனெரிகளைக் கம்பெனி விரும்பாத காலத்தில், 1800 ஜனவரியில் வில்லியம் கேரி இங்கு அடைக்கலம் பெற்றார். 1818இல் தொடங்கப்பெற்ற கல்லூரி 1827இல் டேனிய மன்னரின் சாசனம் பெற்றது. நம்மில் பலர் பெற்றுள்ள இறையியல் பட்டம் அச்சாசனத்தின் வழிவந்ததே.

தூண்கள் நிறைந்த கல்லூரி முகப்பைக் காட்டிலும் நாம் நினைவுகூரத்தக்கது ஒரு பந்தியாகும். 1800 டிசம்பரில் கிருஷ்ண பால் என்னும் தச்சர் மிஷனெரிகளோடு வெளிப்படையாக அமர்ந்து உணவருந்திச் சாதிக்கட்டை முறித்தார். அம்மாதம் 28ஆம் நாள் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார். 1803இல் அவர் மகளைக் கிருஷ்ண பிரசாத் என்னும் பிராமண விசுவாசி மணந்துகொண்டார். செராம்பூர்ச் சபையில் சாதிக்கு இடமில்லை என்பது இங்ஙனம் பந்தியிலும் மணவறையிலும் உறுதியாயிற்று.

ஒரே கூரையின் கீழ் இரு பேராயர்

இறுதி நாளில் பரிசுத்த பவுல் பேராலயம் சென்றோம். 1847 அக்டோபர் 8ஆம் நாள் பிரதிஷ்டையான இதன் கோபுரம் 1897, 1934ஆம் ஆண்டுகளின் நிலநடுக்கங்களால் சேதமுற்று, 1938இல் புதிய வடிவில் எழுந்தது. சுற்றுலாப் பயணிகள் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைக் கண்டு மகிழ்ந்து, அண்மையிலுள்ள விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு விரைகின்றனர். தமிழ்ப் போதகருக்கோ இங்கு நிற்கவேண்டிய இடங்கள் இரண்டுண்டு.

ஒன்று, பேராயர் ரெஜினால்டு ஹீபரின் சிலை. 1826இல் தஞ்சையில் ஈஸ்டர் ஆராதனை நடத்தி, நம் மக்களுக்குத் தமிழிலேயே ஆசி கூறி, ஏப்ரல் 3ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் நீராடுகையில் உயிர் நீத்தவர் இவர். மற்றொன்று, பேராலயத்தைக் கட்டுவித்து 1858இல் மரித்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட பேராயர் தானியேல் வில்சனின் நினைவிடம்.

அக்காலத்துத் தமிழ்ச் சபைகளில் வெள்ளாளரும் ஒடுக்கப்பட்டோரும் வேறுவேறு இடங்களில் அமர்ந்தனர். திருவிருந்தில் ஒரு சாரார் முந்தியும் மறு சாரார் பிந்தியும் பங்குபெற்றனர். இது சமுதாய வழக்கமேயன்றிச் சமயக் கேடன்று எனக் கருதி, பொறுமை காட்டவேண்டும் என்பது ஹீபரின் நிலை. வில்சன் அதனை ஏற்கவில்லை. 1833 ஜூலையில் அனுப்பிய சுற்றுக் கடிதத்தில், சாதி வேற்றுமை தாமதமின்றியும் முற்றாகவும் ஒழிக்கப்படவேண்டும் எனப் பணித்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு விலகினர்.

“ஐயா, இவ்விருவரில் நமது சபை யாரைப் பின்பற்றியது?” என்று முந்தைய நாள் புன்னகைத்த அதே மாணவர் வினவினார். ஏட்டில் வில்சனை, நடைமுறையில் ஹீபரை என விடையளித்தோம். அவ்விடை நம்மையே சுட்டது.

நமது ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் சிற்றூர்ச் சபையொன்றின் பொறுப்பை ஏற்றிருந்தோம். அதன் கல்லறைத் தோட்டத்தின் நடுவே முழங்கால் உயரச் சுவர் ஒன்று இருந்தது. மூதாட்டி ஒருவரின் அடக்கத்தன்று, சுவருக்கு எப்புறம் குழி வெட்டுவது என்பதை நாம் செல்லுமுன்னரே முடிவு செய்திருந்தனர். அடக்க ஆராதனையைப் பிழையின்றி நடத்தினோம். உயிர்த்தெழுதலைக் குறித்துப் பேசினோம். சுவரைக் குறித்து ஒரு வார்த்தையும் கேளாமல் திரும்பினோம். ஹீபருக்கேனும் அந்நிய நாட்டவர், புதியவர் என்னும் காரணங்கள் இருந்தன. நமக்கு அவையும் இல்லை.

வில்சனின் கட்டளையிலும் குறைவுண்டு என்பதை மறைக்கலாகாது. அது ஆளும் நாட்டவரின் பேராயரிடமிருந்து மேலிருந்து வந்தது. கிருஷ்ண பாலின் பந்தியைப் போல உள்ளிருந்து எழவில்லை. கடிதத்தால் இருக்கைகளை மாற்றலாம்; உடன் உண்ணவும் பெண் கொடுக்கவும் இசையும் மனத்தைக் கடிதம் உண்டாக்காது. எனினும், மனம் மாறும்வரை காத்திருப்போம் என்று கூறிக் கடந்துபோன காலம் ஏறக்குறைய இரு நூற்றாண்டு ஆயிற்று. இன்றும் நம் ஊர்கள் சிலவற்றின் கல்லறைத் தோட்டங்கள் பிரிவுபட்டே கிடக்கின்றன.

கொல்கத்தா செல்லும் வாய்ப்புடைய மாணவர் இவ்விடங்களைத் தவறாது காண்க. காணுமுன் தம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தை ஒருமுறை சுற்றி வருக. அங்குள்ள கற்களின் பொருளை நம் பிள்ளைகளும் ஒரு நாள் வினவுவர். அந்நாளில் கூறத்தக்க விடையை இன்றே ஆயத்தம் செய்வது போதகரின் கடனாகும்.